பழைய கட்டுரையைப் புதுப்பிப்பதா, புதிதாக எழுதுவதா?

கூகுள் தேடலில் தளம் மேலே வர எதில் நேரத்தைப் போடுவது என்று குழம்பினால், முதலில் தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் கருவியில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

உழைப்பு
புதுப்பித்தல்: பெரும்பாலும் ஓரிரு மணி நேரம்.
புதியது: தகவல் திரட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

பலன்
புதுப்பித்தல்: பக்கம் ஏற்கெனவே இன்டெக்ஸ் ஆகியிருக்கும் (கூகுளின் தேடல் பட்டியலில் சேர்ந்திருக்கும்), வேறு தளங்களிலிருந்து வரும் லிங்க்குகளும் இருக்கலாம். மாற்றம் சீக்கிரம் தெரியும்.
புதியது: மாதக்கணக்கில் ஆகலாம்.

சிக்கல்
புதுப்பித்தல்: பக்கத்தின் முகவரியான யூஆர்எல்லை மாற்றிவிடுவதுதான் பெரிய தவறு, சேர்த்த மதிப்பெல்லாம் போய்விடும். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போடுங்கள். தேதியை மட்டும் மாற்றுவது வெறும் பூச்சு வேலை.
புதியது: ஒரே கேள்விக்கு இரண்டு பக்கங்கள் இருந்தால் ஒன்றோடொன்று மோதும்.

அறிக்கையில் ஒரு பக்கத்தின் சராசரி இடம் 8 முதல் 20, இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை) அதிகம், கிளிக் குறைவு என்றால் யோசிக்கவே வேண்டாம், புதுப்பியுங்கள். அந்தப் பக்கத்தைக் காட்டிய தேடல் சொற்களை அறிக்கையில் பார்த்து, கட்டுரையில் பதில் இல்லாத கேள்விக்கு ஒரு பத்தி சேருங்கள், தலைப்பையும் திருத்துங்கள். பிறகு சர்ச் கன்சோலிலேயே உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் மறுபடி இன்டெக்ஸ் செய்யக் கேளுங்கள். ஒரு தேடலுக்கு உங்கள் தளத்தில் பக்கமே இல்லையா? புதிதாக எழுதி, தொடர்புள்ள இரண்டு மூன்று பழைய பக்கங்களிலிருந்து லிங்க் கொடுங்கள்.