கைப்பிடி சுற்றும் அவசர வானொலி: டொர்னாடோவுக்கு மறுநாள் எவ்வளவு உதவுகிறது?

அமெரிக்காவில் டொர்னாடோ என்னும் கடும் சுழல்காற்று அடிக்கடி வீசும் மாநிலங்களில் குடியிருப்பவர்கள் கைப்பிடி சுற்றும் அவசர வானொலியை ஒரு முறையாவது கடையில் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். சிவப்பு நிறப் பெட்டி, மேலே விரல் நீளத்துக்கு ஒரு சோலார் தகடு, பக்கவாட்டில் மடக்கி வைக்கும் கைப்பிடி, முகப்பில் டார்ச் விளக்கு, பின்புறம் ரப்பர் மூடிக்குள் கைப்பேசியைச் சொருகும் துளை. எந்த நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வகையில் ஒன்றை நான் மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், ஒரு முறை அது உண்மையாகவே தேவைப்பட்டது. டொர்னாடோ வருவதை அறிவதற்காக இதை வாங்குபவர் ஏமாறுவார் என்பதும், டொர்னாடோ போன பிறகு வரும் இரண்டு மூன்று நாட்களுக்காக வாங்குபவர் ஏமாற மாட்டார் என்பதும் என் முடிவு.

தமிழில் புயலையும் டொர்னாடோவையும் சேர்த்தே சூறாவளி என்று எழுதிவிடுகிறோம். அதனால் வரும் குழப்பம் சிறியதன்று. வங்கக் கடலில் உருவாகும் புயலுக்குப் பெயர் சூட்டி, கரையைக் கடக்கும் நேரத்தையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள். டொர்னாடோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால் மணி நேரத்துக்கும் குறைவான அவகாசம், சில சமயம் அதுவும் இல்லை. வீசி முடிவதும் சில நிமிடங்களில் நடந்துவிடும். ஒரு தெருவில் வீடுகள் தரைமட்டமாகிக் கிடக்க, அடுத்த தெருவில் பூந்தொட்டிகூட அசையாமல் இருக்கும். இந்தக் காரணத்தால் எச்சரிக்கைக் கருவி வேறு, மறுநாள் கருவி வேறு என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது. கடையில் இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கிறார்கள்.

எச்சரிக்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் நடத்தும் வானிலை வானொலி, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ஏழு அலைவரிசைகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள் வழியாக இரவும் பகலும் ஒலிபரப்பாகிறது. சாதாரண எஃப்எம் பெட்டியில் இது கேட்காது. எச்சரிக்கை வெளியாகும்போது 1050 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை அனுப்புவார்கள். அணைந்திருப்பதுபோல் காத்திருக்கும் பெட்டி அதைக் கேட்டு விழித்துக்கொள்ளும். மேசையில் வைக்கும் நல்ல பெட்டிகளில் நம் கவுண்டிக்கான (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம்போல) ஆறு இலக்கக் குறியீட்டைப் பதிந்துவிட்டால், நம் கவுண்டிக்கு வரும் எச்சரிக்கைக்கு மட்டுமே அது அலறும். என்னிடமுள்ள கைப்பிடி வானொலியில் அந்த வசதி இல்லை. கோபுரத்தின் எல்லைக்குள் எங்கோ ஒரு மூலையில் இடி இடித்தாலும் நள்ளிரவில் கத்தி எழுப்பியது. மூன்றாவது இரவில் எச்சரிக்கை ஒலிக்கு விழிக்கும் வசதியையே அணைத்துவிட்டேன், எல்லோரும் அப்படித்தான் அணைப்பார்கள் என்று நினைக்கிறேன். அணைத்து வைத்த எச்சரிக்கைக் கருவியால் யாருக்கும் பயனில்லை என்பதால், படுக்கையறைக்கென்று குறியீடு பதியும் மேசைப் பெட்டி ஒன்றைப் பிறகு தனியாக வாங்கினேன். அதிலும் முதலில் முந்தைய வீடு இருந்த கவுண்டியின் எண்ணைப் பதிந்து, பல வாரங்கள் அறியாமல் இருந்தது என் தவறு. பெரும்பாலான இடங்களில் புதன்கிழமைதோறும் வரும் சோதனை அறிவிப்பு எங்கள் பெட்டியில் மட்டும் வராததைக் கவனித்த பிறகே புரிந்தது.

இனி கைப்பிடி வானொலிக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் டொர்னாடோ வீசிய இரவில் நாங்கள் நிலவறையின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு முறை படபடத்து விளக்குகள் அணைந்தன, வைஃபையும் போனது, சிறிது நேரத்தில் கைப்பேசியின் அலைக்கோடுகளும் மறைந்தன. சத்தம் அடங்கியதும் மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்ற துடிப்பு எல்லோருக்கும் இருந்தது. எங்களைத் தடுத்தது இந்தப் பெட்டிதான்: அதே மழை மேகக் கூட்டத்தின் பின்னால் இன்னொரு சுழற்சி வருவதாகவும், எச்சரிக்கை இன்னும் இருபது நிமிடங்களுக்கு நடப்பில் இருப்பதாகவும் அந்தக் கணினிக் குரல் எந்த உணர்ச்சியும் இல்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவில் காலையில் வந்த புயல்களே பல இடங்களில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டன. கொடிய டொர்னாடோக்கள் அன்று பிற்பகலில்தான் வந்தன. மின்சாரமும் இணையமும் இல்லாத வீட்டுக்கு அடுத்த எச்சரிக்கையைக் கொண்டுவந்து சேர்ப்பதை இந்தக் கருவியின் முதல் பயனாகச் சொல்வேன், அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

மின்னூட்டம்தான் விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும் இடம். உள்ளே இருப்பது 2000 மில்லிஆம்பியர் மணி கொண்ட லித்தியம் பேட்டரி. முழுதாக ஏற்றி வைத்திருந்தால், குறைந்த ஒலியில் இரண்டு நாட்கள் விட்டுவிட்டுக் கேட்கலாம். கைப்பிடியை ஒரு நிமிடம் விடாமல் சுற்றினால் நான்கு நிமிடம்போல் வானொலி பாடியது. இதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அதே கைப்பிடியால் கைப்பேசிக்கு உயிர் கொடுக்க முயன்றபோது, பத்து நிமிடம் மாற்றி மாற்றிச் சுற்றியும் ஏறியது இரண்டு சதவீதம்தான், மணிக்கட்டு வலிதான் மிச்சம். சோலார் தகடு நாள் முழுவதும் நல்ல வெயிலில் இருந்தும் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. டொர்னாடோவுக்கு மறுநாள் வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அந்தத் துளையை இல்லாத ஒன்றாகவே கருதி, கைப்பேசிக்குத் தனியாக ஒரு பவர் பேங்க் வைத்துக்கொள்வதே நல்லது. இன்னொரு குறையும் உண்டு. முதல் ஆண்டு முழுவதும் இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டதால் லித்தியம் பேட்டரி அடியோடு வடிந்து, மின்னூட்டம் ஏற்க மறுத்தது; பேட்டரியை மாற்றும்வரை கைப்பிடியைச் சுற்றியும் பயன் கிடைக்கவில்லை. சாதாரணக் கடை பேட்டரி மூன்றைப் போடும் அறையும் உள்ள மாதிரியைத் தேடி வாங்குங்கள்.

டார்ச் விளக்கு நல்ல வெளிச்சம் தருகிறது, ஆனால் அதைப் பயன்படுத்தும் முறையைக் கையேட்டில் ஓரிடத்திலும் எழுதவில்லை. சேதமடைந்த வீட்டில் எரிவாயுக் குழாய் உடைந்திருக்கக்கூடும் என்பதால் மெழுகுவர்த்தியும் தீக்குச்சியும் கூடவே கூடாது. டார்ச்சையும் வாசலுக்கு வெளியிலேயே போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும், ஏனெனில் சுவிட்சில் எழும் சிறு பொறியே கசிந்த வாயுவுக்குப் போதுமானது. வாடை வந்தாலோ சீறும் சத்தம் கேட்டாலோ உள்ளே நின்று எந்தச் சுவிட்சையும் தொடாமல், கைப்பிடியையும் சுற்றாமல் வெளியேறி, தூரத்துக்குப் போன பிறகே அழைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பி எப்படித் தோன்றினாலும் உயிருள்ளது என்றே கொள்ள வேண்டும், அது கிடக்கும் தேங்கிய நீருக்கும் அதுவே பொருந்தும்.

டார்ச்சின் வெளிச்சம் எங்கே பட வேண்டும் என்று கேட்டால், காலடியில் என்பேன். இலினாய் மாநிலத்தின் மேரியன் நகரில் ஒரு டொர்னாடோவுக்குப் பின் நடத்திய ஆய்வில், காயங்களில் பாதி காற்று வீசியபோது ஏற்பட்டவை அல்ல, மீட்பிலும் துப்புரவிலும் பிற வேலைகளிலும் ஏற்பட்டவை என்று தெரிந்தது. மொத்தக் காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆணியை மிதித்ததால் வந்தது. எங்கள் வாசலிலும் அதைத்தான் கண்டேன். பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து பறந்து வந்த ஒரு பலகை, ஆணிகள் மேல்நோக்கி நிற்க, ஈரப் புல்லுக்குள் பாதி புதைந்து கிடந்தது. விளக்கைத் தாழ்த்திப் பிடித்ததால் மட்டுமே கண்ணில் பட்டது. 2011 மே 22 அன்று 158 உயிர்களைப் பறித்த, மிசூரி மாநிலத்தின் ஜாப்ளின் நகர டொர்னாடோவுக்குப் பிறகு, மண்ணோடு கலந்த காயங்கள் வழியாக அரிய பூஞ்சைத் தொற்று 13 பேருக்கு ஏற்பட்டு, அவர்களில் 5 பேர் இறந்தார்கள். சிறு கீறல் என்று துடைத்துவிட்டுப் போகாமல் சுத்தமான நீரில் கழுவுவதும், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று பார்ப்பதும் அதனால்தான் முக்கியம். தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி ஒரு ஜோடியை இப்போது வானொலியோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.

பெட்டியில் உள்ள அபாயச் சங்கு, இடிபாட்டில் சிக்கியவர் தன் இருப்பைத் தெரிவிக்க என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. கை நசுங்கிக் கிடப்பவரால் அந்தப் பொத்தானைத் தேட முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. கழுத்தில் தொங்கும் ஒரு விசில் அதைவிடச் சிறப்பு.

உதவி தேடுவதில் இந்த வானொலியின் இடம் எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கேட்க மட்டும் முடிகிற கருவியிடம் பேசவும் எதிர்பார்ப்பது இயல்பு. வானிலை அலைவரிசை பெரும்பாலும் ஆபத்தைத்தான் சொல்கிறது. எந்தப் பள்ளிக்கூடம் தங்குமிடமாகத் திறந்திருக்கிறது, எந்தப் பாலம் மூடப்பட்டிருக்கிறது, குழாய் நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டுமா என்பவற்றை எங்களுக்குச் சொன்னது உள்ளூர் ஏஎம் நிலையம். என் பெட்டியில் ஏஎம் பிடிப்பது சுமார்தான். சன்னலோரம் கொண்டுபோய்த் திசை திருப்பித் திருப்பி வைத்த பிறகே குரல் தெளிந்தது. உயிர் ஆபத்து என்றால் 911. தங்குமிடம், மருந்து, உணவு போன்றவற்றுக்குப் பெரும்பாலான பகுதிகளில் 211. அங்கே மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி நழுவிப் போய்ச் சேரும் என்பதால், நலமாக இருக்கிறோம் என்று வெளியூரில் உள்ள ஒருவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பி, மற்றவர்களுக்கு அவர் மூலம் சொல்லச் செய்தோம்.

மூன்றாம் நாள் அதே ஏஎம் நிலையம், அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவின் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லத் தொடங்கியது. வானொலியின் ஒரு நிமிட அறிவிப்பில் அடங்காத விவரங்கள் இதில் உண்டு. குடியரசுத் தலைவர் பேரிடராக அறிவித்து, அதில் தனிநபர் உதவியும் சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கே ஃபீமாவின் பண உதவி கிடைக்கும். விண்ணப்பிக்க வழக்கமாக 60 நாட்கள் தருவார்கள். பணம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் மட்டுமே உரியது. எச்1பி விசாவில் இருப்பவர் தன் பெயரில் பெற முடியாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமையும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், அந்தக் குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். தங்குமிடம், உணவு, குடிநீர் ஆகியவற்றுக்கு விசா நிலை தடையில்லை. நம்மவர்களில் பலர் இதை அறியாமல், காரிலேயே இரவைக் கழிக்கும் அளவுக்குத் தயங்குகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்காக எதையும் அகற்றுவதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும். கூரையில் தார்ப்பாய் கட்டிய செலவுக்கு ரசீதையும் வைத்துக்கொள்ள வேண்டும். கதவைத் தட்டி முன்பணம் கேட்கும் கூரைப் பணியாளரை அன்றே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்த நாட்களில் வானொலி அடிக்கடி நினைவூட்டிய இன்னொன்று ஜெனரேட்டர். வீட்டுக்குள்ளும் கேரேஜிலும் அதை ஓட்டக் கூடாது, கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் உணவு நான்கு மணி நேரம் தாங்கும் என்பதையும் அதில்தான் கேட்டேன், அதற்குள் நாங்கள் அதை எட்டு முறை திறந்திருந்தோம்.

வாங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான்: ஏஎம் நன்றாகப் பிடிக்கிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள், கடை பேட்டரி போடும் அறை இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து பாருங்கள், கைப்பிடியின் மூட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். சோலார் தகட்டின் அளவையோ கைப்பேசித் துளையையோ வைத்து விலையை ஒப்பிட வேண்டாம். என்னுடைய பெட்டிக்கு ஐந்தில் மூன்றரை தருகிறேன். அந்தக் குறையும் பெரும்பாலும் அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாக்குறுதிகளுக்காகத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேட்டரியை நிரப்பும் நாளாக ஒரு புதன்கிழமையை வைத்திருக்கிறோம். மேசைப் பெட்டியில் சோதனை ஒலி வந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து இழுப்பறையைத் திறந்துவிடுகிறார்.