வீட்டுக்கே வந்து கார் பேட்டரி மாற்றுகிறவர்களிடம் உஷார்: 7,400 ரூபாய் போச்சு

கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், புகார் போட்டிருக்கிறேன், அது முடியட்டும். ஆப்பில் புக் செய்தால் வீட்டு வாசலுக்கே ஆளை அனுப்பி பேட்டரி மாற்றித் தருகிற வகையறா. இப்போது ஊருக்கு நாலு இருக்கிறது.

என்னுடையது பழைய டீசல் கார். காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது, செல்ஃப் எடுக்கவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டதால் ஆப்பில் புக் செய்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஒரு பையன் வந்துவிட்டான், யூனிஃபார்ம், கையில் டெஸ்டர் மிஷின், பேச்சும் நல்ல மரியாதை. பேட்டரி வாங்கி இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லையே தம்பி என்றேன். டெஸ்டரை மாட்டி, ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பி, "சார், நான் சொல்லல, மிஷினே சொல்லுது பாருங்க, மாத்தணும்னு" என்றான். கொஞ்ச நாளாகவே ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கீச்சென்று சத்தம் வருகிறது, அதையும் பார் என்று சொன்னேன். மழைக்காலத்தில் எல்லா வண்டியிலும் வரும் சார் என்று முடித்துவிட்டான்.

அப்புறம் செய்தான் பாருங்கள் ஒரு வேலை, அதில்தான் நான் முழுசாக நம்பினேன். புது பேட்டரியை மாட்டி, வண்டியை ஓட விட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிக் கையில் தூக்கிக் காட்டினான். வண்டி நிற்கவில்லை. "பாருங்க சார், ஆல்டர்னேட்டர் சூப்பரா இருக்கு, பேட்டரிதான் போயிருந்துச்சு." ஆல்டர்னேட்டர் என்றால் வண்டி ஓடும்போது பெல்ட்டால் சுற்றி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டைனமோ. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் செய்கிற சோதனைதானே, விஷயம் தெரிந்த பையன் என்று நினைத்துக்கொண்டேன். புது பேட்டரி 8,200, பழையதற்கு 800 கழித்து 7,400 ரூபாய். ஜிபேயில் போட்டேன், பழைய பேட்டரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரமே செங்கல்பட்டிலிருந்து குடும்பத்தோடு ராத்திரி மழையில் திரும்பி வருகிறேன், ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓடுகிறது. பரனூர் டோல் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. ஹெட்லைட் மஞ்சளாகி, வைப்பர் கண்ணாடியில் பாதி வழி ஏறி அப்படியே நின்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வருகின்றன, எப்படியோ ஓரம் கட்டினேன். ஏழாயிரத்து நானூறு ரூபாய் பேட்டரி!

வீட்டுப் பக்கத்தில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பாய் ஒருவர் இருக்கிறார், பெட்டிக்கடை அளவுதான் கடை. பேட்டரியை சார்ஜ் போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, சாதாரண மல்டிமீட்டரை பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். 12.2 வோல்ட் காட்டியது. லைட்டும் ஏசியும் போட்டதும் 11.8க்கு இறங்கியது. வண்டி ஓடும்போது 13.8லிருந்து 14.4 வரை இருக்க வேண்டுமாம். சார்ஜே ஏறவில்லை என்று அர்த்தம். பெல்ட்டைக் கழற்றிக் காட்டினார், உள்பக்க வரிகள் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஆல்டர்னேட்டரைச் சுற்றாமல் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, அந்தக் கீச் சத்தம் அதுதான். புது பெல்ட் மாட்டியதும் மீட்டர் 14.2. பெல்ட்டும் கூலியும் சேர்த்து ஆயிரம்கூட ஆகவில்லை. லோடு இல்லாமல் வெறுமனே ஓடும்போது வழுக்குகிற பெல்ட்டும் கொஞ்சம் கரண்ட் கொடுக்குமாம், அதனால்தான் டெர்மினலைக் கழற்றியும் வண்டி நிற்கவில்லை. அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிற டையோடு, ஈசியு என்கிற வண்டியின் கம்ப்யூட்டர் எல்லாம் அடிவாங்கும் என்று அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தார் பாய்.

இன்னொரு கூத்து. பில்லோடு அவர்களே அனுப்பிய போட்டோக்களைப் பாய் பெரிதாக்கிப் பார்த்தார். பழைய பேட்டரி ஸ்டிக்கரில் சிசிஏ (குளிரிலும் வண்டியை ஸ்டார்ட் செய்ய பேட்டரி தரக்கூடிய கரண்டின் அளவு) 500. டெஸ்டரில் அவன் போட்ட எண் 850! இல்லாத தெம்பை எதிர்பார்த்து அளந்தால் எந்த நல்ல பேட்டரியும் ஃபெயில்தான் ஆகும். கைதவறி நடந்தது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கஸ்டமர் கேரில் பேசிய பெண், "புது பேட்டரி வொர்க் ஆகுதா சார்? ஆகுதுன்னா அப்புறம் என்ன கம்ப்ளைண்ட்?" என்றார். பழைய பேட்டரியையாவது கொடுங்கள் என்றால் அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். அதற்கு இலவச மாற்று வாரண்டி பாக்கி இருந்தது. நிஜமாகவே கெட்டிருந்தாலும் கடையில் காசில்லாமல் மாற்றியிருப்பேன்! வந்த பையன் "பார்ட்னர்" தானாம், கம்பெனி ஆள் இல்லையாம். மெயில் போட்டால் வருந்துகிறோம் என்று பதில், மறுநாள் டிக்கெட் "தீர்க்கப்பட்டது". சமாதானத்துக்கு அடுத்த பேட்டரிக்கு 500 ரூபாய் கூப்பன் வேறு. என் 7,400 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டி ஓடும்போது வோல்டேஜ் பார்க்காமல் பேட்டரி மாற்ற விடாதீர்கள் (புது மாடல் கார்களில் அந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம்). டெஸ்டரில் என்ன எண் போடுகிறான் என்று ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரண்டி கார்டைப் பார்க்காமல் பழைய பேட்டரியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஓடுகிற வண்டியில் டெர்மினலைத் தொட்டால் அங்கேயே அனுப்பிவிடுங்கள். பில், போட்டோ எதையும் அழிக்க வேண்டாம், நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்க எனக்கு அந்த போட்டோக்கள்தான் கை கொடுத்தன.