ஸ்டீராய்டு சொட்டு போடும் குழந்தைகளுக்கு ஐகேர் டோனோமீட்டர் (கண் அழுத்தம் அளக்கும் கருவி): எவ்வளவு நம்பலாம்?

கண் அலர்ஜிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும். ஆபத்தும் அங்கேதான். பாட்டில் தீர்ந்ததும் வீட்டார் காலி பாட்டிலைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மறுபடி வாங்குகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கண்ணுக்குள் ஊறும் நீர் கருவிழி ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிய வேண்டும். ஸ்டீராய்டு பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு அந்தத் திசு தடித்து, வடிகால் குறுகி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பெரியவர்களுக்குப் பொதுவாகச் சில வாரங்களில் வரும் ஏற்றம், குழந்தைகளுக்குச் சில நாட்களிலேயே வரலாம். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் கருவிழி பெரிதாகும், கண் கூசும், நீர் வடியும். பெரிய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வலியும் இருக்காது, சிவப்பும் இருக்காது. அளந்தால்தான் தெரியும்.

அளப்பதுதான் இத்தனை நாளும் பெரும்பாடு. கோல்ட்மன் முறைக்கு மரத்துப்போகும் சொட்டு விட்டு, தாடையை ஊன்றி, அசையாமல் உட்கார வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை உட்காராது. காற்றடிக்கும் கருவி ஒரு கண்ணில் அடித்ததுமே மறு கண் இறுக மூடிக்கொள்ளும். ஃபின்லாந்துத் தயாரிப்பான ஐகேர் இந்த இரண்டையும் தவிர்க்கிறது. ஊசி போன்ற மெல்லிய புரோப், நுனியில் குட்டி பிளாஸ்டிக் உருண்டை. கருவிழியில் மெல்லத் தட்டித் திரும்பும். திரும்பும் விதத்தை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடும். இமைமயிர் பட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மரப்புச் சொட்டே வேண்டாம்.

ஆறு முறை தட்டும். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு, மீதி நான்கின் சராசரியைக் காட்டும். புரோப் நுனி கருவிழியிலிருந்து 4 முதல் 8 மில்லிமீட்டர் தள்ளி, நடுக் கருவிழிக்கு நேராக இருக்க வேண்டும். நெற்றித் தாங்கியை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். குழந்தை எதிரில் உட்கார்ந்தபின் திருகிக்கொண்டிருந்தால் அது மிரண்டுவிடும். தூரத்தில் ஒரு போனில் கார்ட்டூன் ஓடட்டும். வேறெந்தப் பரிசோதனைக்கும் முன்னால் இதை முடித்துவிட வேண்டும். டார்ச் அடித்து அழவைத்த பிறகு அளப்பதில் அர்த்தமில்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் கையால். இமையைத் தூக்குகிறேன் என்று விரல் விழிமேல் அழுந்தினால் எண் கிடுகிடுவென ஏறும். விரல் புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் மட்டும் இருக்கட்டும். அழுகை, மூச்சடக்கல், கண்ணை இறுக்குவது எல்லாமே எண்ணை உயர்த்தும். பள்ளிச் சீருடையோடு வந்திருந்தால் டையைத் தளர்த்தி, கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள். அழும் குழந்தைக்கு 28 மி.மீ. பாதரசம் என்று வந்தால் அது முடிவல்ல. அமைதியானபின் மறுபடி எடுங்கள்.

எண் பொய்யாகக் குறைவதும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் கண்ணைக் கசக்கும் அலர்ஜிப் பிள்ளைகளில் சிலருக்குக் கருவிழி மெலிந்து கூம்பிப்போகும். மெலிந்த கருவிழியில் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஸ்டீராய்டு அதிகம் போடப்படுவதும் இதே பிள்ளைகளுக்குத்தான். அவர்களுக்குக் கருவிழித் தடிமனையும் ஒருமுறை அளந்து வையுங்கள். ஏறிய அழுத்தம் கெடுப்பது பார்வை நரம்பைத்தான்; அதையும் பார்த்தே ஆக வேண்டும்.

21 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் சரி என்று அனுப்பிவிடுவதும் எங்களுக்கு உடன்பாடில்லை. தொடங்கும் முன் 12 இருந்து, இரண்டு வாரத்தில் 19 ஆனால் அது எச்சரிக்கைதான். அதனால் சொட்டு தொடங்கும் நாளே ஒரு அளவு, இரண்டாம் வாரம் ஒன்று, தொடர்ந்தால் மாதாமாதம். ஏறியிருந்தால் டாக்டர் நிறுத்தவோ மாற்றவோ செய்வார். ஃபுளோரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்ற ஸ்டீராய்டுகள் அழுத்தத்தைக் குறைவாக ஏற்றும். ஏற்றவே ஏற்றாது என்று நினைக்க வேண்டாம். ஸ்டீராய்டே இல்லாத சைக்ளோஸ்போரின் சொட்டும் டாக்ரோலிமஸ் களிம்பும் இருக்கின்றன. அழுத்தம் குறைக்க டிமோலால் எழுதும்போது இளைப்பு உண்டா என்று கேட்காமல் விடக் கூடாது. அலர்ஜிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே இருப்பது சகஜம். சிறுநீரக நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் குழந்தைக்கும் அழுத்தம் பார்க்க வேண்டும், ஆனால் அந்த மாத்திரையை வீட்டார் தாமாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது.

கருவியின் குறைகளும் உண்டு. புரோப் ஒருமுறைக்கு மட்டும்தான்; ஒவ்வொரு குழந்தைக்கும் செலவு. மிச்சம் பிடிக்க அதையே துடைத்துப் போட்டால் மெட்ராஸ் ஐ ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும். புரோப் உட்காரும் குழலில் தூசி சேர்ந்தால் ஊசி சரியாகத் திரும்பாது, பிழை ஒலி வந்துகொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்; வருடத்துக்கு ஒருமுறை குழலையே மாற்றிவிடுங்கள்.

பெற்றோர் இதை வாங்க வேண்டியதில்லை. கண் மருத்துவமனையில் அளக்கச் சொல்லிக் கேட்டால் போதும். போகும்போது சொட்டுப் பாட்டிலையும் தொடங்கிய தேதியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். கிளினிக் நடத்துபவர்களுக்கு: உட்காரும் வயதுப் பிள்ளைகள் மட்டும் வருவார்கள் என்றால் ஐகேரின் ஐசி100 மாடல் போதும். படுத்த நிலையில் அது அளக்காது. கைக்குழந்தைகள் வரும் இடமென்றால், விலை கூடினாலும் ஐசி200 வாங்குங்கள்.