வறட்சிப் பாடத்தைக் கடல் தாண்டிப் பகிர நாலு வழி: செட்டிநாட்டுக் கண்மாய்களுக்கு எது ஒத்துவரும்?

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு பொய்த்தது. சிவகங்கைச் சீமைக் கண்மாய்கள் வெடித்துக் கிடந்த அதே மாதங்களில் இலங்கையின் வறண்ட வலயக் குளங்களும் வற்றின. 2017 பிப்ரவரியில் கென்யா வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. பிரேசிலின் வடகிழக்கு 2012-ல் பிடித்த வறட்சியிலிருந்து அப்போதும் மீளவில்லை. எல்லாருக்கும் ஒரே பாடு, ஆனால் அவரவர் ஊருக்குள்ளேயே அதைப் பட்டுத் தீர்த்தார்கள்.

அப்படிப் பட்டுக் கற்றதை உழவர்களே நேரடியாகக் கொடுத்து வாங்க, ஒரு கண்மாய்ச் சங்கத்துக்கோ ஊரணிக் குழுவுக்கோ நாலு வழி உண்டு: மாதாந்திரக் காணொளிக் கூட்டம், வாட்ஸ்அப் குரல்பதிவுக் குழு, இரண்டே ஊர்களைச் சேர்க்கும் இணை ஊர் முறை, நேரில் போய்வரும் பயணம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செட்டிநாட்டு ஊர்களுக்கு இணை ஊர் முறைதான் முதல் தேர்வு. குரல்பதிவு அதற்குத் துணை. காணொளிக் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். பயணத்தைக் கடைசியில் வையுங்கள்.

காணொளிக் கூட்டம்

ஏற்பாடு செய்ய எளிது என்பதால் பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள். முதல் சிக்கல் நேரம். காரைக்குடியில் மாலை 6:30 என்றால் கென்யாவில் 4, மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் பகல் 1, பிரேசிலின் செயாராவில் காலை 10. கடிகாரத்துக்கு இது சரி. ஆனால் இங்கே அது பால் கறந்து அடுப்பு மூட்டும் வேளை, பெண்கள் வரமாட்டார்கள். ஊரணியில் தண்ணீர் எடுப்பவர்கள் இல்லாமல் ஊரணியைப் பற்றி என்ன பேசுவது? 8 மணிக்குத் தள்ளினால் மற்ற இடங்களில் 5:30, 2:30, 11:30 ஆகும். அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இரண்டாவது சிக்கல் மொழி. பேசி நிறுத்தி மொழிபெயர்த்தால் ஒரு மணி நேரக் கூட்டத்தில் அரை மணிதான் பேச்சு. தமிழ், சுவாஹிலி, போர்ச்சுகீசு மூன்றும் ஆங்கிலம் வழியாகப் போய்வந்தால் அது இன்னும் சுருங்கும். ஜூமில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி உண்டு. ஆனால் சாதாரண போனில் எண்ணைச் சுழற்றிச் சேர்பவருக்கு அந்த மொழிபெயர்ப்பு கேட்காது. ஒரு மொழிபெயர்ப்பாளர் அரை மணிக்கு மேல் தனியாகத் தாங்கமாட்டார், மொழிக்கு இரண்டு பேர் வேண்டும். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மணி நேர வீடியோ ஏறக்குறைய 1 ஜிபி டேட்டாவைக் குடிக்கும்.

எல்லாவற்றையும் சரிசெய்தாலும் இதில் ஒரு குறை மிஞ்சும். பத்து ஊர் ஆட்கள் கூடும் சபையில் யாரும் தம் கண்மாய் உடைந்த கதையைச் சொல்லமாட்டார்கள், நிறைந்த கதையைத்தான் சொல்வார்கள். கற்பதற்கு உடைந்த கதைதான் வேண்டும்.

குரல்பதிவுக் குழு

நேரம் பார்க்க வேண்டாம், எழுதத் தெரிய வேண்டாம், கரையில் நின்றபடியே பேசி அனுப்பலாம். ஆள் 30-ஐத் தாண்டினால் காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டு செய்திகளும் மூடிவிடும், எனவே சிறிதாக வையுங்கள். பதிவு 90 நொடிக்குள் இருக்கட்டும். வரிசையும் ஒன்றாக இருக்கட்டும்: ஊர், தேதி, பெய்த மழை மில்லிமீட்டரில், கண்மாயில் தண்ணீர் கலுங்கு (மிகுநீர் வழிந்தோடும் இடம்) மட்டத்துக்கு எத்தனை அடி கீழே, இந்த வாரம் தவறிய ஒன்று, கேட்க விரும்பும் ஒன்று.

அளவு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். "நூறு யூனிட் கரம்பை அள்ளினோம்" என்று நம் ஊரில் சொன்னால் டிராக்டர்காரருக்குப் புரியும், கென்யாவில் யாருக்கும் புரியாது. கரம்பை என்பது கண்மாய் அடியில் படிந்த வண்டல். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். நூறு யூனிட் என்றால் 283 கன மீட்டர், கண்மாயில் கூடுதலாக 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிற்க இடம். இப்படிச் சொன்னால்தான் எதிர்முனையில் இருப்பவர் தம் அணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

குரல்பதிவைப் பிறகு தேடி எடுக்க முடியாது. வாரம் ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கமாக எழுதியே ஆகவேண்டும். தானாக எழுதித்தரும் கருவிகள் மடை, கலுங்கு, வரத்துக்கால் போன்ற சொற்களில் தடுமாறும், கையால் திருத்தாமல் அனுப்பாதீர்கள்.

இணை ஊர்

ஓர் ஊருக்கு ஓர் ஊர், இரண்டு வருஷம். இதில் தேர்வுதான் பாதி வேலை. நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வட இலங்கையின் வவுனியா, மன்னார் பக்கமும் அதே பருவம்தான், ஜனவரி வரை நீளும். கென்யாவின் குறும்பருவமும் அக்டோபர்–டிசம்பர். புர்கினா பாசோவில் ஜூன்–செப்டம்பர், செயாராவில் பிப்ரவரி–மே. ஒரே பருவ இணை என்றால் "இன்று மடை திறக்கலாமா" என்று அன்றைக்கே கேட்கலாம். வேறு பருவ இணை என்றால் அவர்கள் பட்டதைப் பார்த்து நாம் தயாராகலாம். முதல் இணைக்கு ஒரே பருவம்தான் நல்லது.

அந்தக் கணக்கில் வட இலங்கைக்கு நிகர் இல்லை. மொழிபெயர்ப்புச் செலவு இல்லை, ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு ஓடும் தொடர் அமைப்பும் நம்முடையதைப் போன்றதே. அந்த வறண்ட வலயக் குளத்தொடர் முறையை உலக அளவில் முக்கியமான வேளாண் மரபாக ஐநா உணவு வேளாண் அமைப்பு 2017-ல் ஏற்றது. ஆனால் ஒரே தமிழ் என்று சொற்பட்டியல் போடாமல் விட்டுவிடாதீர்கள். நாம் கலுங்கு என்பதை அவர்கள் வான் என்பார்கள். நமக்குக் கரை, அவர்களுக்குக் கட்டு. நமக்குக் குளம் என்றால் குளிக்கிற இடம், அவர்களுக்கு அதுவே பாசனக் கண்மாய். "குளத்தில் வான் பாய்ந்தது" என்ற செய்தி கண்மாய் நிறைந்து மறுகால் போனது என்று பொருள்படும். முதல் மாதத்திலேயே இருபக்கமும் ஒரு முப்பது சொல் எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும்.

அவர்களிடம் கேட்கவேண்டிய முதல் பாடம் பெத்ம. தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அடியில் உள்ள வயலை மட்டும் பயிரிட்டு, அந்தத் துண்டை எல்லாப் பங்காளிகளும், நிலம் யாருடையது என்று பாராமல், அந்தப் போகத்துக்குப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் அது. கடைமடைக்காரருக்கும் தலைமடையில் ஒரு பாத்தி கிடைக்கும். இங்கே கடைமடை காய்வதும் மடையில் சண்டை வருவதும் வருஷா வருஷம் நடப்பதால் இது நமக்கு நேரடியாகப் பயன்படும். அப்படியே பெயர்த்து நட்டால் மட்டும் முளைக்காது. நம் பக்கம் நிலத்துக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், உழுபவர் குத்தகைக்காரர். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம், ஒரு போகத்துக்கு மட்டும் என்ற தேதி, குத்தகை நெல் யாருக்கு என்ற வரி, இந்த மூன்றும் கையில் வந்த பிறகுதான் பாத்தி பிரிக்கவேண்டும். அவர்களின் பருவத் தொடக்கக் கூட்டத்தில் யார் பேசுகிறார், எதற்குக் கை தூக்குகிறார்கள் என்பதை முழுதாகப் பதிவு செய்து வாங்குங்கள். மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நம் நீர்ப்பாய்ச்சி அதைக் கேட்கட்டும்.

இரண்டாவது இணையாகச் செயாராவைச் சொல்வோம். அங்கே 2003-ல் தொடங்கிய பத்து லட்சம் தொட்டித் திட்டத்தில் வீட்டுக்கு 16,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி. ஐந்து பேர் குடும்பம் 8 மாதம் குடிக்க, சமைக்க, ஆளுக்கு நாளொன்றுக்கு 13 லிட்டர் என்ற கணக்கு. நம் வளவு வீட்டுக் கூரையில் 100 சதுர மீட்டர் மட்டும் எடுத்தாலும், ஒரு நாள் 100 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். ஓட்டில் சிதறுவது, வழிவது ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 8,000 நிற்கும். இரண்டு அடைமழைக்குத் தொட்டி நிறையும். முதல் 2 மி.மீ.யில் புறா எச்சமும் தூசியும் வரும், அந்த 200 லிட்டரைத் திருப்பிவிடவேண்டும். இங்கே பெரிய தடை பூட்டிய வீடுகள். கூரை இருக்கும், சாவி இருக்காது. அந்தச் சிக்கலுக்குப் பிரேசிலில் விடை இல்லை, நாமே பேசித் தீர்க்கவேண்டும்.

நேரில் போய்வருவது

கண்ணால் பார்ப்பதற்கு ஈடு இல்லை. கென்யாவின் மச்சாகோஸ், கிட்டுயி பக்கத்து மணல் தடுப்பணை ஆற்று மணலைத் தேக்கி அதற்குள் தண்ணீரைச் சேர்ப்பது. படத்தில் பார்த்தால் சிறு சுவர், அவ்வளவுதான். கையால் தோண்டினால்தான் தெரியும், பருமணலாக இருந்தால் மட்டுமே அது தண்ணீர் பிடித்துக் கொடுக்கும் என்று. அடியில் பாறை பக்கத்தில் இல்லாமல் கட்டினால் தண்ணீர் இறங்கிவிடும். வண்டல் வந்து அடைத்தால் ஈரம் இருக்கும், இறைக்க எதுவும் ஊறாது. மணிமுத்தாற்றில் கட்டலாமா என்று கேட்பவர்கள் முதலில் அங்கே குழி தோண்டிப் பார்க்கட்டும். புர்கினா பாசோவில் உழவர் யகூபா சவடோகோ பரப்பிய, மழைநீரைப் பிடித்துப் பயிர் வளர்க்கும் ஸாய் குழியும் அப்படித்தான்: 20 முதல் 40 செ.மீ. அகலம், 10 முதல் 20 செ.மீ. ஆழம், உள்ளே எரு. இறுகிய செம்மண் மேட்டுக்கு ஏற்றது. நம் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தங்கி நிற்கும் களிமண் நிலத்தில் போட்டால் கடலை அழுகும்.

வெளிநாட்டார் இங்கே வருவதானால் ஜூலை, ஆகஸ்டில் வரச்சொல்லுங்கள். காய்ந்த கண்மாயில்தான் மடையின் அடிக்கல்லும் கரையின் அரிப்பும் தெரியும். ஆறு முதல் எட்டுப் பேர், ஐந்து நாள், அதில் இரண்டு நாளாவது ஒரே ஊரில். கென்யா, புர்கினா பாசோ, பிரேசிலிலிருந்து வருபவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஊசி போட்டுக் குறைந்தது 10 நாள் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தலுக்கு அனுப்புவார்கள். கென்யா போய்த் திரும்பும் நம் ஆட்களுக்கும் இதே விதி. இலங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை, திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்பு.

ஒருங்கிணைப்பாளரும் பேரேடும்

எந்த வழியை எடுத்தாலும் பணத்தை முதலில் ஒருங்கிணைக்கும் ஆளுக்கு ஒதுக்குங்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்த காலத்தில் மூன்று வருஷத் தவணைக்கு ஏஜெண்டை அனுப்பி, கணக்கை ஊருக்கு ஒழுங்காக வாங்கிய மண் இது. அந்த ஒழுங்கு இங்கேயும் வேண்டும். ஒரு பேரேடு, ஐந்து பத்தி: கேட்ட தேதி, கேள்வி, யார் பதில் சொன்னார், எந்த நிலத்தில் செய்து பார்த்தார்கள், என்ன ஆயிற்று. ஆள் மாறினாலும் பேரேடு சங்கத்தில் இருக்கவேண்டும், ஒருவரின் போனில் இருக்கக்கூடாது. முதல் வருஷ முடிவில் நாலாவது பத்தி காலியாகக் கிடந்தால் கூட்டத்தைக் கூட்டிப் பயனில்லை, இணை ஊரை மாற்றுங்கள்.