ஏசி கேஜ் செட் வாங்கலாமா? கம்ப்ரஸர் ஓடாத காரை வச்சு பாத்த அனுபவம்

ஏசி கேஸோட பிரஷரை அளக்க ரெண்டு மீட்டர், நீலம் செவப்பு மஞ்சள்னு மூணு ஓஸ் வருமே, அந்த கேஜ் செட்டை நான் வாங்குனதே கோவத்துலதான். வண்டி எடுத்ததும் ஏசி ஜில்லுனு வரும், அரை மணி நேரம் ஓட்டுனா வெறும் காத்து, பானெட்டை தொறந்து பாத்தா பெல்ட்ல புல்லி மட்டும் சுத்திட்டு இருக்கு, முன்னாடி இருக்குற கிளட்ச் தட்டு அசையாம நிக்குது (அது புல்லியோட ஒட்டுனாதான் கேஸை அழுத்துற கம்ப்ரஸர் ஓடும்). காட்டுன எடத்துல எதையும் மாட்டி பாக்காம "கேஸ் கம்மி சார்"னு அடிச்சு விட்டாங்க. நாலு நாள்ல அதே கதை, திரும்ப போனா திரும்ப கேஸ். அங்க நிக்கிறப்போ இன்ஜின் ஆறிடும், ஆறுனா ஏசி தானா வந்துடும், இவங்க அடிச்ச கேஸ்லதான் வந்துச்சுன்னு நானும் நம்பிட்டு வந்தேன் பாருங்க, அதுதான் கொடுமை.

சரி கேஜுக்கு வரேன். முதல் நாளே இன்ஜின் ஆஃப்ல, வண்டி நல்லா ஆறுனதுக்கப்புறம் மாட்டி பாத்தேன், ரெண்டு முள்ளும் (நீலம் லோ பிரஷர் பக்கம், செவப்பு ஹை பிரஷர் பக்கம்) 95 பிஎஸ்ஐ பக்கத்துல நின்னுச்சு. என் வண்டி ஏசில இருக்குற ஆர்134ஏ கேஸ் 30 டிகிரில கிட்டத்தட்ட அவ்ளோதான் காட்டணும், அப்போ கேஸ் காலி ஆகல, கேஸ் கம்மியானா கம்ப்ரஸரை நிறுத்துற லோ பிரஷர் ஸ்விட்ச் கட் பண்ற அளவுக்கும் எறங்கல. ஆனா ஒண்ணு, உள்ள கொஞ்சம் திரவமா இருக்குற வரைக்கும் பாதி கேஸ் இருந்தாலும் முழுசா இருந்தாலும் நிறுத்தி வச்ச வண்டில இதே நம்பர்தான் வரும், அளவு தெரிஞ்சுக்க இது உதவாது. கேஜ் செட் எனக்கு சொன்னது அவ்ளோதான், கேஸ் இருக்கு, வேற எங்கயாச்சும் தேடுன்னு.

தேடுனது பழைய மல்டிமீட்டரை வச்சு. ஃப்யூஸ் ஓகே, கிளட்ச்சுக்கு கரண்ட் விடுற ரிலேவை ஹாரன் ரிலேயோட மாத்தி போட்டும் மாற்றமில்ல (என் வண்டில ரெண்டும் ஒரே டைப்). இதுல முக்கியமான விஷயம், எல்லா டெஸ்ட்டும் ஏசி நின்ன நேரத்துல, அந்த சூட்டுலயே பாக்கணும், ஆறுன வண்டில பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். சூட்டுல கிளட்ச் கனெக்டர்ல வச்சா 13 வோல்ட்டுக்கு மேல வருது, ஆனா தட்டு ஒட்டல. கரண்ட் வந்தும் ஒட்டலைன்னா சென்சாரு ஸ்விட்ச்சு எல்லாம் நல்லவங்க, குத்தம் கிளட்ச்லதான். ஆஃப் பண்ணி, தட்டை காந்தமா இழுக்குற காயிலை அளந்தா நாலு ஓம்ஸுக்கு கொஞ்சம் கம்மி, அதுவும் நார்மல். கடைசில இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு, அதான் ஃபீலர் கேஜ், அதை தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல விட்டேன், 0.9 மில்லிமீட்டர்! என் வண்டி மேனுவல்ல போட்டிருக்குறது 0.3ல இருந்து 0.6. தேய்ஞ்சு தேய்ஞ்சு இடைவெளி அகலமாயிருக்கு, காயில் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறி இழுக்குற சக்தி குறையும், அவ்ளோ தூரத்துல இருந்து தட்டை இழுக்க அதுக்கு தெம்பு இல்ல. நடு போல்ட்டை கழட்டி உள்ள இருந்த மெல்லிசு வாஷர்ல ஒண்ணை எடுத்துட்டு மாட்டுனேன், 0.5க்கு வந்துச்சு, ஏசி போட்டதும் "டக்"குனு ஒரு சத்தம். அந்த சத்தத்தை கேட்டு எத்தனை நாளாச்சு!

கேஜ் செட் தண்டமான்னு கேட்டா இல்ல, அதோட வேலை அப்புறம்தான் வந்துச்சு. கம்ப்ரஸர் ஓடறப்போ மாட்டி பாத்தா செவப்பு முள்ளு 300 பிஎஸ்ஐயை தொடுது, 30 டிகிரில அது 200, 230க்குள்ள இருக்க வேண்டியது, நீலமும் வழக்கத்தை விட மேல. ஃபேன் நல்லா சுத்துது, கேஸை ஆற வைக்கிற கண்டென்சர்லயும் அடைப்பு இல்ல. ரெண்டு தடவை சும்மா அடிச்சதுல கேஸ் அதிகமானதுதான் அது. வேற எடத்துல முழுசா எறக்கி, பானெட் ஸ்டிக்கர்ல இருக்குற கிராம் கணக்குக்கு எடை போட்டு ஏத்துனப்புறம்தான் முள்ளு ஒழுங்கா நின்னுச்சு.

குறைன்னா, வந்தப்பவே நீல முள்ளு பூஜ்யத்துல இல்ல, மீட்டர் கண்ணாடியை கழட்டி உள்ள இருக்குற குட்டி ஸ்க்ரூவை திருகி சரி பண்ணேன். செவப்பு ஓஸ் முனைல வண்டில மாட்டுற கப்ளர் ரொம்ப டைட், கழட்டறப்போ புஸ்ஸுனு பீச்சி விரலெல்லாம் எண்ணெய் பிசுபிசுப்பு, கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடியும் கைக்கு க்ளவுஸும் போடாம தொடாதீங்க, அந்த கேஸ் மைனஸ் 26 டிகிரிலயே கொதிக்கிற சமாச்சாரம், தோலை பொசுக்கிடும். கேஸ் டின் மாட்டிருக்கும்போது வண்டி ஓடிட்டு இருந்தா செவப்பு வால்வை மறந்தும் தொறக்காதீங்க, ஹை சைடு பிரஷர் டின்னுக்குள்ள போய் வெடிச்சிடும். இத ஏன் பெட்டி மேல பெருசா போடலன்னு தெரியல.

ஆர்1234ஒய்எஃப்னு வேற கேஸ் போடுற புது வண்டிக்கு இந்த கப்ளர் சேராது. கிளட்சே இல்லாத கம்ப்ரஸரும் இருக்கு, அதுல புல்லியோட தட்டும் எப்பவும் சுத்திட்டேதான் இருக்கும், நான் சொன்ன இடைவெளி கதை அங்க செல்லாது, உங்களுது எதுன்னு பாத்துட்டு வாங்குங்க.

அஞ்சுக்கு மூணரை தரலாம். ஆனா உங்களுக்கும் கம்ப்ரஸர் ஒட்டாத பிரச்சனைன்னா முதல்ல ஒரு ஃபீலர் கேஜ் வாங்குங்க, இதை அப்புறம் பாத்துக்கலாம்.