காசு கொடுத்துப் புறா பார்த்த கதை: லிங்கன்ஷயர் வழிகாட்டியுடன் ஒரு மே மாதச் சனிக்கிழமை

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், பாதிப்பேர் அதற்காகத்தான் படிக்கிறீர்கள். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் வழிகாட்டியோடு மரப்புறா சுட, ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 170 பவுண்டு. தோட்டா தனி. சுடாமல் கூட வந்து உட்காருகிறவருக்கு 40. நானும் என் மனைவியின் தம்பியும் போனோம். நான் சுட, அவன் வேடிக்கை பார்க்க. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று எங்கே போனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

வழிகாட்டியின் பெயரைப் போடவில்லை. ஒற்றை ஆளாக நடத்துகிற தொழில், நானோ இரண்டு மூன்று குறை சொல்லப் போகிறேன். வாரநாட்களில் அவர் பண்ணைகளுக்குப் பூச்சி, எலி, முயல் தொல்லை பார்க்கிறவர். சனிக்கிழமைகளில் என்னைப் போல ஆட்களை மரப்புறா சுட அழைத்துப் போகிறார். இந்த வேலை செய்கிறவர்கள் இங்கிலாந்தில் பல பேர் இருக்கிறார்கள். யாரிடம் போவதாக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா இன்னும் மக்காச்சோளம் போடுகிறார், மயிலோடு மல்லுக்கட்டுகிறார். பழைய சேலையை வயலைச் சுற்றிக் கட்டுவார், கேசட் நாடாவை இழுத்துக் கட்டுவார், தகரத்தைத் தட்டுவார். மயிலைத் தொட முடியாது, சட்டம் அப்படி. அதனால் இங்கே பயிரைக் காக்கத் துப்பாக்கி எடுக்கலாம் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. களிமண் தட்டு சுடும் கிளப்பில் மூன்று வருடம் பழகி, டாக்டர் கடிதம், போலீஸ் வீட்டுக்கு வந்து பார்த்தது, சுவரில் இரும்புப் பெட்டி என்று எல்லாம் முடிந்து உரிமம் கையில் இருந்தது. பறவையைச் சுட்டதில்லை.

காலை ஆறரைக்கு ஹோல்பீச் பக்கம் ஒரு பண்ணை முற்றத்தில் சந்திப்பு. உரிமத்தைப் பார்த்தார், பிரிட்டனின் துப்பாக்கி சுடுவோர் சங்கமான பாஸ்க்கின் உறுப்பினர் அட்டையைக் கேட்டார், காப்பீட்டுக்காக. அப்புறம் ஒரு கேள்வி: “ஜிஎல் 42 படித்தீர்களா?” இங்கிலாந்தில் மரப்புறாவைச் சுட அனுமதிக்கும் பொது உரிமம் அது. தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் நிபந்தனைகளைத் தெரிந்து நடக்கும் பொறுப்பு சுடுகிறவன் தலையில். நான் முதல் நாள் இரவு படித்திருந்தேன், தப்பித்தேன். படிக்காமல் வந்த ஒருவரைப் போன மாதம் வண்டியிலேயே உட்கார்ந்து படிக்க வைத்தாராம். எனக்கு அப்போதே ஆளைப் பிடித்துவிட்டது.

அதற்குக் காரணமும் சொன்னார். 2019 ஏப்ரலில் கிறிஸ் பாக்கம், மார்க் ஏவரி, ரூத் டிங்கே மூவரும் தொடங்கிய வைல்டு ஜஸ்டிஸ் என்ற வனவிலங்கு ஆர்வலர் அமைப்பு சட்டக் கேள்வி எழுப்பியதும், அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து பழைய பொது உரிமங்களை ஓரிரு நாள் அவகாசத்தில் ரத்து செய்துவிட்டது. பட்டாணி முளைத்து வரும் நேரம். மே தொடக்கத்தில் மரப்புறாவுக்கென்று தனி உரிமம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். “அந்த அமைப்பின் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அதற்கு முன்னால் எங்களில் முக்கால்வாசிப் பேர் உரிமத்தைப் படித்ததே கிடையாது” என்றார்.

நாங்கள் போனதும் பட்டாணிக்காகத்தான். நம் குருமாவில் போடுகிறோமே, பையில் வரும் ஃப்ரோசன் பட்டாணி, அதன் வயல். இதில் புறா எவ்வளவு தின்றது என்பதைவிட எங்கே தின்றது என்பதுதான் சேதம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று நான்கு இலை விட்ட செடியின் கொழுந்தைப் புறா கிள்ளிவிடும். செடி சாகாது, அடிக்கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் பக்கத்துச் செடியைவிடப் பின்தங்கிவிடும். டெண்டரோமீட்டர் என்ற கருவியில் பட்டாணியை நசுக்கிப் பார்த்து, பதம் வந்துவிட்டது என்றால் இயந்திரம் இறங்கும். பறித்ததிலிருந்து 150 நிமிடத்துக்குள் உறைநிலைக்குப் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. ஒரே வயலில் பாதி பதமாகவும் பாதி பிஞ்சாகவும் இருந்தால் என்ன செய்வது? பிஞ்சுக்குக் காத்திருந்தால் பதமானது முற்றிவிடும்.

இப்போது சேவைக்கு வருகிறேன். நான் கொடுத்த 170 பவுண்டில் நூறு, முதல் ஒன்றரை மணி நேரத்துக்கே சரியாகப் போயிற்று. அந்த ஒன்றரை மணி நேரமும் துப்பாக்கி உறைக்குள்ளேயே இருந்தது.

லிங்கன்ஷயரின் அந்தப் பக்கம் தோசைக்கல் மாதிரித் தட்டை. வண்டியை ஒரு மேட்டில் நிறுத்தி, ஆளுக்கொரு பைனாகுலர் கொடுத்து, “புறா எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாதீர்கள், எந்த வழியாக வருகிறது என்று சொல்லுங்கள்” என்றார். எனக்கு வானம் முழுக்கப் புறாவாகத் தெரிந்தது. இருபது நிமிடம் கழித்துத்தான் கண் பழகியது. தூரத்தில் ஒரு பாப்லர் வரிசை. அதிலிருந்து புறப்பட்டு, வாய்க்காலை ஒட்டியே வந்து, ஒரு மின்கம்பத்துக்கு நேராகத் திரும்பி வயலுக்குள் இறங்குகின்றன. அடுத்த கூட்டமும் அதே கம்பத்தில் திரும்பியது. அதற்கடுத்ததும். நம் ஊரில் டவுன் பஸ் திரும்புகிற மாதிரி.

வயல் மூலையில் கேஸ் வெடி ஒன்று இருந்தது, பெரிய பட்டம் ஒன்றும் பறந்தது. விரட்டும் வழிகளை முயலாமல் நேரே துப்பாக்கிக்குப் போகக் கூடாது என்பதும் அந்த ஜிஎல் 42-இல் உண்டு. வெடித்ததும் புறாக்கள் எழும்பின, ஒரு வட்டம் போட்டன, அதே இடத்தில் இறங்கின. மாப்பிள்ளை சிரித்துவிட்டான். “மச்சான், நம்ம தோட்டத்து மயிலு இதுக்கு வகுப்பெடுத்திருக்கும் போல.”

அந்தத் திருப்பத்துக்கு எதிரே, வாய்க்கால் கரையில், காற்றுக்கு முதுகு காட்டி மறைவு போட்டார். நாலு கம்பு, ஒரு வலை, உள்ளே மூன்று ஸ்டூல், முகத்துக்கும் வலை. துப்பாக்கியை எவ்வளவு தூரம் திருப்பலாம் என்பதற்கு இடமும் வலமும் ஒவ்வொரு குச்சி நட்டார். வலப்பக்கம் பொது நடைபாதை, அந்தக் குச்சியைத் தாண்டினால் அன்றைய சுடுதல் முடிந்தது என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்புறம் பொம்மைகள். பறவையைக் காட்டிப் பறவையைப் பிடிக்கப் பழக்கி வைப்பதற்குத் தமிழில் ‘பார்வை’ என்று அழகான பழைய சொல் இருக்கிறது. நம் பக்கம் கௌதாரிக்குக் கௌதாரியையே கூண்டில் வைப்பார்கள். இங்கே உயிருள்ள பறவையைக் கட்டி வைப்பது குற்றம், எல்லாம் பிளாஸ்டிக். பாதி ஓடு மாதிரி இருக்கும், கழுத்தில் வெள்ளைப் பட்டை, கீழே வளையும் குச்சி. காற்றடித்தால் மேய்கிற மாதிரித் தலையை ஆட்டும். பதினெட்டு வைத்தார், குதிரை லாடம் மாதிரி. லாடத்தின் திறந்த வாய் காற்று போகும் திசைக்கு. புறா காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஆகவே அந்த வாய் வழியாக உள்ளே வரும். நடுவில் வெற்றிடம், மறைவிலிருந்து இருபது கஜத்துக்குள். எல்லாப் பொம்மையும் காற்றைப் பார்த்திருந்தாலும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே கோணத்தில் வைக்கவில்லை. ஒன்றைக் கொஞ்சம் சாய்த்தார், இரண்டைச் சேர்த்து வைத்தார். மல்லிகைச் சரத்தில் பூ வைக்கிற பொறுமை.

சுழலி என்ற இயந்திரமும் வைத்தார். 12 வோல்ட் பேட்டரி, இரண்டு நீண்ட கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் இறக்கை விரித்த ஒரு புறா. மெதுவாகச் சுற்றும்போது இறக்கையின் வெள்ளைக் கோடு பளிச் பளிச்சென்று தெரியும். தூரத்தில் பறக்கும் புறாவுக்கு, யாரோ இறங்குகிறார்கள் என்ற சேதி அதுதான். வேகத்தைக் கூட்டினால் பயந்து விலகுகின்றன, அதையும் வேண்டுமென்றே ஒரு தடவை செய்து காட்டினார்.

முதல் புறாவை விட்டுவிட்டேன். இரண்டாவதையும். மூன்றாவது, லாடத்தின் வாயில் இறக்கையை மடக்கிக் கீழே சரிந்தபோது விழுந்தது. சந்தோஷமா என்று கேட்டால், தெரியவில்லை. கை நடுங்கியது.

பத்தரை மணி வாக்கில் ஒன்று வேகமாக வந்தது. துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன். என் முழங்கையில் விரலை வைத்து “விடுங்கள்” என்றார். போய்விட்டது. அது ஸ்டாக் டவ், வேறொரு வகைக் காட்டுப்புறா. பொது உரிமத்தில் அதன் பெயர் கிடையாது, சுட்டிருந்தால் குற்றம். அளவில் சின்னது, சிறகடிப்பு வேகம், இறக்கையில் அந்த வெள்ளைக் கோடு இல்லை. “கழுத்து வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றேன். அது போதாதாம். மரப்புறாவின் இளங்குஞ்சுக்கும் கழுத்தில் வெள்ளை வந்திருக்காது, இறக்கைக் கோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், தெரியவில்லை என்றால் சுடாதே. அதற்குப் பிறகு வளையம் போட்ட பந்தயப் புறா இரண்டு நேர்கோடாகப் போயின. அவற்றை நானே அடையாளம் சொன்னேன். ஒரு தலையசைப்பு கிடைத்தது.

இனி குறைகள். முன்பதிவுப் பக்கத்தில் மலை மாதிரிக் குவிந்த புறாக்களின் படம் இருக்கிறது, கீழே ‘நல்ல நாளில் நூறுக்கு மேல்’ என்று வாசகம். எனக்குக் கிடைத்தது 27, செலவான தோட்டா 94. என் குறி மோசம், அதற்கு அவர் என்ன செய்வார், சரி. ஆனால் ஒரு மணிக்குச் சுழலியின் பேட்டரி செத்துவிட்டது. மாற்றுப் பேட்டரியை எடுத்தார், அதில் சார்ஜே இல்லை. அதற்குப் பிறகு வந்த புறாக்களில் பாதி, தூரத்திலேயே விலகிப் போயின. காசு வாங்குகிற ஆள் இதைச் செய்யக் கூடாது. ‘மதிய உணவு உண்டு’ என்றது ஆறிப்போன இரண்டு சாசேஜ் ரோல். சனிக்கிழமை மாப்பிள்ளை சைவம் என்று முன்பே எழுதியிருந்தேன், அவனுக்கு ஒரு வாழைப்பழம். கழிப்பறை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை நிலத்தில், ஒரு புதர்கூட இல்லாத இடத்தில், இது சின்ன விஷயமில்லை. மூன்று பேருக்கு மறைவு போதவும் போதாது, மாப்பிள்ளை முட்டியைக் கட்டிக்கொண்டு ஏழு மணி நேரம் உட்கார்ந்தான்.

நாலு மணிக்கு நிறுத்தினோம். விழுந்த ஒவ்வொரு பறவையையும் எண்ணிப் பார்த்து எடுத்தார். 26 தான் இருந்தது. வாய்க்காலின் நாணலுக்குள் இறங்கி, இடுப்பு வரை நனைந்து, 27-ஐக் கொண்டுவந்தார். காலித் தோட்டாக்களையும் பொறுக்க வைத்தார். பண்ணைக்காரர் வந்து எண்ணிக்கையைக் கேட்கவில்லை. மறுபடி எப்போது வருவீர்கள் என்று மட்டும் கேட்டார். 27 போனதில் அந்தக் கூட்டத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் நாங்கள் இருந்த நேரம் அந்தப் பக்கம் பாத்தியில் ஒன்றும் மேயவில்லை, அவர் கணக்கு அதுதான்.

முற்றத்தில் ஒரு புறாவின் தொண்டைப் பையைக் கீறிக் காட்டினார். பச்சைப் பந்து. பிரித்துப் பரப்பினால் பட்டாணிக் கொழுந்து, மடிப்புக் கலையாமல், ஈரமாக. மாப்பிள்ளை இருபது முப்பது வரை எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். கூட்டில் குஞ்சு இருந்திருந்தால், அதற்குப் போக வேண்டிய சாப்பாடும் இதுதான். கேட்டேன். “மே மாதத்தில் குறைவு, ஆனால் இருக்கும்” என்றார், மழுப்பாமல்.

பத்துப் புறாவை நான் எடுத்துக்கொண்டேன், மீதி வேட்டைக்கறி வியாபாரிக்கு. நம் மாடப்புறாவைவிடப் பெரியது, ஒன்று அரைக் கிலோ வரும். நெஞ்சுக்கறி மட்டும் எடுப்பது இங்கே வழக்கம், ஐந்து நிமிட வேலை. நிறம் ஈரல் மாதிரிக் கருஞ்சிவப்பு, கொழுப்பே கிடையாது. சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, நிறைய மிளகு, குக்கரில் நாலு விசில், அப்புறம் இரும்புச் சட்டியில் சுண்ட வறுத்தேன். முதல் வாயிலேயே கடக்கென்று ஒரு குண்டு. மென்று சாப்பிடுங்கள், குழந்தைகளுக்கு உதிர்த்துப் பார்த்துக் கொடுங்கள். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். கறியைப் பார்க்கவில்லை. “அந்தச் சுத்துற மெசினு மயிலுக்குச் செட்டாகுமா?” என்றார். அது வரவழைக்கிற மெசின் என்று புரியவைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

ஆகஸ்டில் அறுவடை முடிந்த கோதுமை வயலில் சுட மறுபடி பதிவு செய்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு பேட்டரியையும் முந்தின இரவே சார்ஜ் போட்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சரி என்றார். நீங்கள் போவதாக இருந்தால் மரப்புறாவைப் பைக்குள் போட்டு, பையை இறுகக் கட்டி வண்டியில் ஏற்றுங்கள். இதன் இறகு தொட்டாலே உதிரும். நாங்கள் போய் வந்து மூன்று வாரமாகிறது. காரில் ஏசி போட்டால் இன்னும் ஒன்றிரண்டு பறந்து வருகிறது, என் மனைவி ஒவ்வொன்றையும் எடுத்து என் பக்கம் டாஷ்போர்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.