டிகேஇன்டரின் டிடிகே ஸ்டைல்: அழகு உண்டு, அடமும் உண்டு

மளிகைக்கடை பில் போடும் செயலிக்கு டிடிகேதான் பயன்படுத்துகிறேன். பைத்தான் மொழியில் பட்டன், பெட்டி எல்லாம் வைத்துத் திரை அமைக்க உதவும் டிகேஇன்டரின் ஒரு பகுதி இது; தோற்றத்தை 'ஸ்டைல்' மூலம் மாற்றலாம். விண்டோஸில் பைத்தானோடு கூடவே வந்துவிடுகிறது, செலவில்லை. 'அழி' பட்டன் மட்டும் சிவப்பாக வேண்டுமா? 'டேஞ்சர்.டிபட்டன்' என்று ஸ்டைலுக்குப் பெயர் வைத்து, ஸ்டைலின் 'கான்ஃபிகர்' கட்டளையில் நிறம் கொடுக்கலாம். புள்ளிக்குப் பின் டிபட்டன் கட்டாயம்; டிடிகே பட்டனின் அடிப்படை ஸ்டைலுக்கு அதுதான் பெயர். ஆனால் விண்டோஸின் விஸ்டா தீமில் (தீம் என்றால் ஒட்டுமொத்தத் தோற்றம்) அந்தப் பின்னணி நிறம் ஏறவே ஏறாது. அங்கே பட்டனை வரைவது விண்டோஸே. டிடிகேயே வரையும் கிளாம் தீமுக்கு மாறினால் சரியாகிவிடும். அப்புறம், மவுஸ் மேலே வரும்போது என்ன நிறம் என்பதை ஸ்டைலின் 'மேப்' கட்டளையில் தனியாகச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கிளாமின் சொந்த நிறம் எட்டிப் பார்க்கும்.

காம்போபாக்ஸ், அதாவது சொடுக்கினால் பட்டியல் விரியும் பெட்டிதான் பெரிய தலைவலி. விரியும் பட்டியல் டிடிகேக்கு முந்தைய பழைய டிகே லிஸ்ட்பாக்ஸ் என்பதால் ஸ்டைல் சொல்வதைக் கேட்காது; பழைய டிகேயின் ஆப்ஷன்_ஆட் கட்டளை போட்டால்தான் மசியும். வட்ட மூலை பட்டன் கேட்கிறவர்கள் திரை அமைக்கும் இன்னொரு பைத்தான் கருவியான பைக்யூட்டி பக்கம் போய்விடுவது நல்லது.